ஒளிந்துகொண்ட ஞானத்தாய்

டிசம்பர் பிறந்ததும் பிலிப்பினோக்கள் தங்களுக்குள் ஒரு பகிடி விடுவார்கள். நினாங்மார் எல்லாரும் ஒளியத் தொடங்கிவிட்டார்கள் என்பார்கள். நினாங் என்றால் ஞானத்தாய். நம்மில் வேதக்காரர் வீடுகளில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பக்கத்தில் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நிற்பாளே, அவள்தான். நம்மவர்கள் ஒருத்தியோடு நிறுத்திக்கொள்வார்கள். பிலிப்பினோக்களுக்கு ஐந்தாறு பேராவது வேண்டும். அந்த ஒரு நாளோடு முடிகிற உறவும் இல்லை அது. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பிள்ளை புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஞானத்தாய் வீட்டுக்கு வரும். அவளுடைய கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றும். பிறகு ஒன்றும் கேட்காது, சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும். கொடுக்காமல் எப்படி அனுப்புவது? பத்து வீட்டில் ஞானத்தாயாக இருப்பவள் பாவம், வாசல் லைட்டை அணைத்துவிட்டு உள்ளே மூச்சுக் காட்டாமல் இருப்பாள்.

இந்தப் பகிடியைப் புத்தகத்தில் எழுதிப் பெயர் வாங்கியவள் துசியந்தி. எந்த மாநாட்டில் அந்த இடத்தை வாசித்தாலும் சபை குலுங்கிச் சிரிக்கும். வாசிக்கிறவளே ஒளிந்திருக்கிற ஒரு நினாங் என்பது சபைக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாசித்தாள்.

துசியந்தி பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து தாயோடு லண்டனுக்கு வந்தவள். தகப்பன் முன்னமே வந்து பெட்ரோல் செட்டில் வேலைக்கு நின்றார். நன்றாகப் படித்தாள். நன்றாகப் படிக்கிற தமிழ்ப் பிள்ளை என்ன படிக்கவேண்டும் என்பது ஊருக்கே தெரியும். அவள் அதைப் படிக்காமல் சமூகவியலுக்குப் போனாள். சரி, போகட்டும் என்று விட்டார்கள். பிறகு டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யப் போனபோது, அவளுடைய பேராசிரியர் உன் சனத்தைப் பற்றி எழுதேன், அகதிகள், சண்டை, இழப்பு, உன்னைவிட அதற்கு யார் இருக்கிறார்கள் என்று அன்பாகத்தான் கேட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன் பெரு நாட்டைப் பற்றி எழுதலாம், இன்னொருத்தி ஜப்பானைப் பற்றி எழுதலாம், தான் மட்டும் காலம் முழுக்கத் தன் காயத்தையே காட்டிக்கொண்டு நிற்கவேண்டுமா என்று அவள் நினைத்தாள். அந்தக் கோபத்தில்தான் பிலிப்பினோக்களைப் பிடித்தாள். தாய் வேலை செய்த ஆஸ்பத்திரியில் பாதித் தாதிமார் அவர்கள்தான். நம்மைப் போலவே உலகமெல்லாம் சிதறிக் கிடக்கிறவர்கள், நம்மைப் போலவே சோற்றுக்கு அலைகிறவர்கள், ஆனால் நாம் அல்ல. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

சொந்தக்காரருக்கு இது விளங்கவே இல்லை. கணேசலிங்கம் மாமா கல்யாண வீடுகளில் கண்டபோதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"பிலிப்பைன்சோ? அங்க எங்களுக்கு ஆர் இருக்கினம் பிள்ளை?"

ஒருவரும் இல்லை மாமா, அதுதான் போறன் என்று அவளும் ஒவ்வொரு முறையும் சொன்னாள்.

உழைக்கவில்லை என்று அவளைச் சொல்லமுடியாது. தகாலோக் மொழி படித்தாள். மணிலாவில் ஒரு மழைக்காலம் முழுக்க ஆவணக் காப்பகத்தில் இருந்து தும்மித் தும்மிப் பழைய தேவாலயப் பதிவுகளைப் பார்த்தாள். ஞானப்பெற்றோர் வழக்கத்தை அங்கே கொண்டுபோனவர்கள் ஸ்பானியப் பாதிரிமார். சனம் அதை வாங்கித் தங்களுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டது. நிலச் சொந்தக்காரனைப் பிள்ளைக்கு ஞானத்தந்தை ஆக்கினால் அவன் குத்தகையில் இருந்து எழுப்பமாட்டான். ஊர்த் தலைவன் பிள்ளையைத் தூக்கி நின்றால் அதிகாரி அடிக்க யோசிப்பான். பாதிரி கொடுத்த சடங்கைச் சனம் கவசமாக்கிக்கொண்டது. இதெல்லாம் அவளுக்கு முன்பே பலர் எழுதியதுதான். அவள் கேட்ட கேள்வி வேறு. நிலச் சொந்தக்காரனும் ஊர்த் தலைவனும் இல்லாத லண்டனில், இரவும் பகலும் ஷிப்ட் வேலை செய்கிற சனத்திடம் இந்த உறவு என்னவாகும்? நல்ல கேள்வி. அதற்கு அவளுக்கு ஒரு குடும்பம் தேவைப்பட்டது.

குடும்பம் ஸ்ட்ரெதமில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு போடும்போது, ஓரமாகக் கொப்பியோடு நின்றவளைப் பார்த்து, சாப்பிடாமல் என்னத்தை எழுதுகிறாய் என்று ஒருத்தி தட்டை நீட்டினாள். அவள் பெயர் லுஸ்விமிண்டா. பிலிப்பைன்ஸின் மூன்று தீவுக் கூட்டங்களின் பெயரில் இருந்தும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி எடுத்துத் தகப்பன் வைத்த பெயர். எல்லாருக்கும் மிண்டா. இலோயிலோவில் பிறந்தவள், சிறுநீரக வார்டில் தாதி. புருசன் ரோடெல் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருந்தான், நல்ல உயரம், முறம் மாதிரிக் கை. தலைமயிர் வெட்டுகிற கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. அந்த வீட்டுக் குசினியில் துசி இரண்டு வருசம் குடியிருந்தாள் என்றே சொல்லலாம். ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவி கிடக்கும். புளி விட்ட சூப் ஒன்று வைப்பார்கள். அதைக் குடித்தால் அவளுக்கு ரசம் நினைவு வரும். மிண்டா பேசுவது இங்கிலிஸ்தான், ஆனால் துசியின் காதுக்குள் அது எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகவே வந்து விழும்.

இரண்டாம் வருசம் மிண்டாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ஆல்மா என்று பெயர். ஒரு நாள் மிண்டா குழந்தையைத் தூக்கித் துசியின் மடியில் வைத்துவிட்டு, நீ இவளுக்கு நினாங்காக வரவேண்டும் என்றாள். நான் சைவக்காரி என்றாள் துசி. கோவில் பதிவில் போட வேதக்காரர் இருக்கிறார்கள், நீ மெழுகுதிரி பிடித்தால் போதும், மற்றது எங்கள் வழக்கம் என்றாள் மிண்டா. கேட்டால் மறுக்கக்கூடாது, மறுத்தால் பிள்ளைக்குக் கூடாது என்பதும் துசிக்குத் தெரியும். அதைப் பற்றி ஏற்கனவே ஒரு கட்டுரை எழுதியிருந்தாள்.

ஆனால் அவள் ஓம் என்று சொன்னது அதற்காக அல்ல. இதை மூடி மறைப்பதில் பயனில்லை. அன்று பின்னேரமே பேராசிரியருக்கு ஃபோன் எடுத்தாள். அவர் துள்ளிக் குதித்தார். ஆராய்ச்சி செய்ய வந்தவளையே உறவாக்கிவிட்டார்கள், இதைவிடப் பெரிய கதவு திறக்குமா என்றார். ஞானஸ்நானத்தன்று துசி மெழுகுதிரி பிடித்தாள், குழந்தையைத் தூக்கினாள், படத்துக்குச் சிரித்தாள், இடையில் ஒருக்கால் மண்டபத்துக் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு எல்லாவற்றையும் மறக்கமுதல் எழுதிவைத்தாள். வெளியே வந்தபோது மிண்டா அவளைக் கட்டிக்கொண்டு, இனி நீ எனக்கு மாரே என்றாள். பிள்ளையின் தாயும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடவேண்டும். நம்முடைய சம்பந்தி உறவுபோல, ஆனால் இன்னும் ஒட்டு. துசிக்கு அந்த நேரத்தில் கண் கலங்கியதும் உண்மைதான். எழுத ஒரு நல்ல இடம் கிடைத்த சந்தோசம் எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

முதல் இரண்டு கிறிஸ்மஸுக்குப் போனாள். பட்டம் கிடைத்தது. லீட்ஸில் வேலை கிடைத்தது. அங்கே இருந்துகொண்டு ஒரு கிறிஸ்மஸுக்கு வர முடியவில்லை. அடுத்த வருசம் குகதாசனைக் கல்யாணம் கட்டினாள், மாமன் மாமி கனடாவில் இருந்து வந்து நின்றார்கள். அதுவும் போயிற்று. ஒருமுறை போகாமல் விட்டால் அடுத்த முறை வெறுங்கையோடு போகமுடியாது, இரண்டு முறைக்கு ஈடுகட்டுகிற மாதிரி ஏதாவது கொண்டுபோகவேண்டும். மூன்று முறை விட்டால் பொருள் போதாது, ஒரு நல்ல காரணமும் வேண்டும். அதற்கும் மேலே போய்விட்டால் எந்த முகத்தோடு போவது? இப்படித்தான் ஒளிகிறார்கள். கல் மனசுக்காரர் ஒளிவதில்லை, அவர்கள் நேரே வந்து இல்லை என்பார்கள். வெட்கப்படுகிறவர்கள்தான் ஒளிகிறார்கள். இதைத் துசி புத்தகத்தில் எழுதவில்லை. அப்போது அவளுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

லண்டனுக்குத் திரும்பி இல்ஃபோர்டில் வீடு வாங்கிய பிறகும் போகவில்லை. பிலிப்பினோக்களைப் பற்றிப் பேச சிங்கப்பூருக்குப் போனாள், மணிலாவுக்குப் போனாள், ஹவாய்க்குக்கூடப் போனாள். எலிசபெத் லைனில் ஏறி ஃபாரிங்டனில் மாறினால் வந்துவிடுகிற ஸ்ட்ரெதமுக்கு மட்டும் அவளுக்கு நேரம் வரவில்லை.

புத்தகம் வந்தபோது ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டு மிண்டாவுக்குத் தபாலில் அனுப்பினாள். தபாலில்தான். அந்தப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆல்மாவின் ஞானஸ்நானத்தில் தொடங்கும். பெயரை மாற்றியிருந்தாள், ஆராய்ச்சியில் அது வழக்கம். நான் அந்தப் பிள்ளையின் ஞானத்தாய் ஆனேன், இன்றைக்கும் ஞானத்தாய்தான் என்று அந்தப் பக்கம் முடியும். எல்லாரும் எடுத்துக்காட்டுகிற பக்கம் அதுதான். கடைசி அத்தியாயம் வேறு சொல்லும். பல குடும்பங்களைப் பார்த்ததில், லண்டனில் இந்த உறவு சில வருசங்களுக்கு மேல் தாங்குவதில்லை, கொடுப்பது நின்றால் உறவும் நின்றுவிடுகிறது, வேலையும் தூரமும் அதைத் தின்றுவிடுகின்றன என்று சொல்லும். இரண்டும் ஒரே கையால் எழுதியவை. மதிப்புரை எழுதிய ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

இவ்வளவும் பழைய கதை. இந்த வருசம் தை மாதம் அவளுடைய பல்கலைக்கழகத்தில் ஆட்குறைப்பு வந்தது. துறைத் தலைவி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உங்கள் ஆராய்ச்சியால் யாருக்கு என்ன நன்மை நடந்தது, அந்தச் சனத்தின் வாயாலேயே வாங்கி வாருங்கள் என்றாள். இப்போதெல்லாம் அப்படி ஒன்று கேட்கிறார்கள். பிலிப்பினோக்களைப் பற்றிப் புத்தகம் எழுதினால் போதாது, அந்தப் புத்தகத்தால் பிலிப்பினோக்களுக்கு நன்மை விளைந்ததென்று ஒரு பிலிப்பினோ எழுதித் தரவேண்டும்.  துசிக்குத் தெரிந்த பிலிப்பினோக்களில் பாதிப்பேர் பேராசிரியர்கள். மிச்சப்பேரை அவள் பல வருசமாகக் கண்ணாலும் காணவில்லை.

குகதாசன் கவுன்சிலில் கணக்குப் பார்க்கிறவர், எதையும் நேராகப் பார்க்கிற மனுசன். "உமக்கு அந்த நேர்ஸ் பொம்பிளை இருக்கிறா எல்லே? அவவிட்டக் கேட்டால் தருவா" என்றார். அவருக்கு ஒளிந்த கதை தெரியாது. ஓரளவு தெரிந்திருந்தாலும் அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

மூன்று நாள் ஃபோனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தாள். கடைசியில் அடித்தபோது மறுபக்கத்தில் மாரே என்று சத்தம் கேட்டது. நேற்றுத்தான் பேசி வைத்த மாதிரி. எங்கே போனாய், ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. நல்ல நேரத்தில் எடுத்தாய், ஆல்மாவுக்குப் பதினெட்டு முடிகிறது, மண்டபம் எடுத்திருக்கிறோம், நீ ஒரு மெழுகுதிரி என்றாள் மிண்டா. உன்னிடம் ஒரு உதவி கேட்கவேண்டும் என்று துசி இழுத்தாள். வா, வந்து கேள் என்றாள் மிண்டா.

மெழுகுதிரி என்றால் என்ன என்பது துசிக்குத் தெரியும். பெண் பிள்ளைக்குப் பதினெட்டு வயதானால் பெரிய விழா வைப்பார்கள், நம்மில் பிள்ளை வயதுக்கு வந்தால் வைக்கிற சாமத்தியவீட்டுச் செலவு அதற்குப் பக்கத்தில் நிற்கமுடியாது. பதினெட்டு ஆண்கள் ஆளுக்கொரு ரோசாப்பூக் கொடுத்துப் பிள்ளையோடு ஆடுவார்கள். அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் முக்கியமான பதினெட்டுப் பெண்கள் ஆளுக்கொரு மெழுகுதிரி ஏற்றி ஒரு வார்த்தை சொல்லுவார்கள். தன்னையும் அதில் ஒருத்தியாக்கியிருக்கிறாள் என்று நினைத்தபோது துசிக்குச் சந்தோசத்தைவிடப் பயம்தான் வந்தது. அந்தப் பிள்ளைக்குத் தன்னை அடையாளமே தெரியாதே. எல்லார் முன்னாலும் இது யார் என்று பார்த்தால்? ஆனாலும் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. ஒருக்காலாவது ஒழுங்கான நினாங்காகப் போய் நிற்கலாம். கடிதம் ஒருபுறம் கிடக்கட்டும், இதை மட்டும் சரியாகச் செய்துவிடவேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

யாழ்ப்பாணத்தாள் சரியாகச் செய்வதென்றால் தங்கம்தான். இல்ஃபோர்ட் லேனில் நகைக்கடைக்குப் போனாள். அங்கே நிற்கிற சயந்தினி தெரிந்த பிள்ளை. பாரமான காப்பு ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, "பிள்ளையின்ட கை என்ன அளவு அக்கா?" என்று கேட்டாள். துசி முழித்தாள். பிறகு தன்னுடைய கையை நீட்டி, எனக்குப் போறது போதும் என்றாள். அது அவளுடைய கைக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று. பிழைச்சால் கொண்டு வாங்கோ, மாத்தித் தாறன் என்று சயந்தினி சிவப்புப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தாள்.

விழா ஸ்ட்ரெதமில் அந்தப் பழைய கோவில் மண்டபத்தில்தான். துசி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். கைப்பையில் சிவப்புப் பெட்டியும், மிண்டா கையெழுத்துப் போடத் தயாராக அவளே எழுதி அச்சடித்த கடிதமும் இருந்தன. வாசலில் மிண்டா கட்டிப்பிடித்துக் கன்னத்தில் கொஞ்சினாள். தலை நரைத்து, கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள். ரோடெல் முறம் மாதிரிக் கையால் தோளில் தட்டி உள்ளே விட்டான். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. அதுதான் அவளைக் கலக்கியது.

பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஆல்மா வெள்ளிச் சரிகைக் கவுனில், தகப்பனின் உயரத்தில், நடுவில் நின்று ஒவ்வொருத்தி பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லி அழைத்தாள். பள்ளிக்கூட நெட்பால் டீச்சர் வந்தா. பக்கத்து வீட்டு ஜமேக்கன் அம்மா வந்தா. கடைசியாக, என் நினாங் துசி என்றாள்.

துசி எழும்பிப் போனாள். ஆல்மா அவளுடைய கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றினாள். அந்தக் கைக்குள் துசியின் கை முழுதாக மறைந்துபோயிற்று. பிறகு பிள்ளை சபையைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். என் நினாங் பெரிய படிப்பாளி, உலகமெல்லாம் போய்ப் பேசுகிறவர், அதனால் வீட்டுக்கு வர நேரம் கிடைப்பதில்லை, ஆனால் ஒரு கிறிஸ்மஸைக்கூட அவர் மறந்ததில்லை என்றாள். சின்ன வயதில் சிவப்பு சைக்கிள் அனுப்பினார். பிறகு சின்ன மைக்ரோஸ்கோப் ஒன்று, அதைப் பார்த்துத்தான் நான் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டேன் என்றாள். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் என் பழைய கோட்டைப் பார்த்துச் சிரித்த வருசம், அது எப்படியோ அவருக்குத் தெரிந்து நீலக் கோட் ஒன்று வந்தது என்றாள். நெட்பால் சப்பாத்து. காதில் மாட்டுகிற ஹெட்ஃபோன். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். சபை கை தட்டியது.

துசி ஒரு சைக்கிளும் அனுப்பவில்லை. ஒரு கோட்டும் அனுப்பவில்லை. முதலில் அவளுக்கு விளங்கவில்லை, வேறு யாரையோ சொல்கிறாள் என்றுதான் நினைத்தாள். பிறகு மண்டபத்தின் ஓரத்தில் நின்ற மிண்டாவைப் பார்த்தாள். மிண்டா வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது துசிக்கு. நாடு நாடாகப் போய்க் காகிதம் பார்க்காமல் பேசியவள் அவள். மெழுகுதிரியை ஏற்றினாள். எல்லாரும் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். "நல்லா இரு பிள்ளை" என்று தமிழில் சொல்லிவிட்டு இறங்கினாள். விளங்காத பாசையில் சொன்னதால் அது பெரிய ஆசீர்வாதமாக்கும் என்று நினைத்துச் சனம் இன்னும் பலமாகக் கை தட்டியது.

சாப்பாடு முடிந்தபோது மண்டபத்துக் குசினிக்குள் போனாள். மிண்டா மிஞ்சிய சோற்றையும் நூடுல்ஸையும் அலுமினியத் தட்டுகளில் அள்ளி மூடிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக்கூடாது, அதுவும் அவர்களுடைய வழக்கம். ஏன் இப்படிச் செய்தாய் என்று துசி கேட்டாள். 

மிண்டா அள்ளுவதை நிறுத்தவில்லை. "நீ வராத முதல் வருசம் எனக்குச் சரியான கோபம். ரோடெலோட கத்தினன். பிள்ளை வாசலைப் பாத்துக்கொண்டு நிண்டது. நினாங் ஒளிஞ்சிட்டா எண்டு மற்றப் பிள்ளையள் பகிடி பண்ணினதுகள். அதுக்குத்தான் அந்த முறை ஒரு பொம்மை வாங்கி உன்ர பேரைப் போட்டு மரத்தடியில வைச்சன். ஒருக்காத்தான் எண்டு நினைச்சன்."

"பிறகு?"

"அடுத்த வருசமும் பிள்ளை வாசலைப் பாத்திது, திரும்ப வைச்சன். பிறகு உன்ர புத்தகம் வந்திது." மிண்டா ஒரு தட்டை மூடி ஓரத்தைச் சுற்றி அழுத்தினாள். "ஆல்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். முதல் பக்கத்தில, இண்டைக்கும் நான்தான் ஞானத்தாய் எண்டு எழுதியிருந்தாய். கடைசியில வேற மாதிரி எழுதியிருந்தாய். நான் ரெண்டையும் வாசிச்சன் மாரே. எது உண்மை எண்டு பிள்ளை கேட்டால் நான் என்ன சொல்லுறது? புத்தகத்தை எங்களால மாத்த ஏலாது. கிறிஸ்மஸை மாத்த ஏலும்."

 கொடுப்பது நின்றால் உறவு நின்றுவிடும் என்று துசி எழுதியிருந்தாள். எத்தனையோ மாணவர்கள் அதைப் படித்துப் பரீட்சையில் எழுதியிருக்கிறார்கள். அந்த வசனம் அச்சாகிக்கொண்டிருந்த வருசத்திலேயே, வார்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்த ஒருத்தி கடைக்குப் போய், அவளுடைய பெயரில் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒருக்கால் ரயில் ஏறி வந்திருந்தால் மரத்தடியிலேயே கண்டிருப்பாள். வரவில்லை என்பதால் காணவில்லை, காணாததை இல்லை என்று எழுதிவைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

மிண்டா கையைத் துடைத்துக்கொண்டு அவளுடைய முதுகைத் தடவினாள். ஃபோனில் ஏதோ உதவி என்றாயே, என்ன அது என்று கேட்டாள். புத்தகத்தால் இந்தச் சனத்துக்கு நடந்த நன்மையைச் சொல்லும் கடிதம் கைப்பைக்குள் மடிந்து கிடந்தது. ஒன்றுமில்லை என்றாள் துசி. அந்த வேலை இனி நிலைக்காது என்பது அப்போதே அவளுக்குத் தெரிந்தது. அதற்காக அவள் வருந்தவில்லை. வருந்துவதற்கு அதைவிடப் பெரியது முன்னால் நின்றது.

அந்த நேரத்தில் ஆல்மா குசினிக்குள் வந்தாள். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். துசி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிவப்புப் பெட்டியை எடுத்து நீட்டினாள். இத்தனை வருசத்தில் உண்மையாகவே அவள் கடைக்குப் போய், அவளே தெரிவு செய்து, அவள் கையால் கொடுக்கிற பொருள் அது ஒன்றுதான். பிள்ளை பெட்டியைத் திறந்து, தங்கத்தைப் பார்த்து மூச்சை இழுத்தாள். உடனே போட்டுப் பார்க்க ஆசைப்பட்டாள். காப்பு விரல்களைத் தாண்டியது, பெருவிரல் முட்டில் இறுகி நின்றது. ஆல்மா கையை ஒடுக்கிப் பார்த்தாள். மிண்டா சவர்க்காரம் போட்டுப் பார்த்தாள். தகப்பனின் கை அது, காப்புக்குள் போகவில்லை. மிண்டா துசியை நிமிர்ந்து பார்க்காமல் காப்பைக் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

துசியின் முகம் போன போக்கைப் பார்த்து ஆல்மாவுக்கு இரக்கம் வந்துவிட்டது. குனிந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அதுக்கென்ன நினாங்" என்றாள் பிள்ளை. "இதுக்கு முதல் ஒரு வருசமும் உங்களுக்கு என்ர அளவு பிழைச்சதில்லை."